110101-க்கு 106 வருகிறதா? வலது ஓரத்தைப் பாருங்கள்

110101 என்ற இரும எண்ணைப் பதின்மத்துக்கு மாற்றினால் 106 வருகிறது, ஆனால் புத்தகத்தில் 53 என்கிறீர்கள். உங்கள் விடை சரியாக இரு மடங்கு; தவறு எங்கே என்று அதுவே சொல்லிவிடுகிறது. வலது ஓர இலக்கத்துக்கு 2 என்று மதிப்புக் கொடுத்துத் தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே 2-இன் அடுக்கு 0, அதாவது மதிப்பு 1.

வலமிருந்து இடமாக 1, 2, 4, 8, 16, 32 என்று இலக்கங்களின் தலைக்கு மேல் எழுதுங்கள். 1 உள்ள இடங்களை மட்டும் கூட்டினால் 32+16+4+1=53. 0 இருந்தாலும் அதற்கும் ஓர் இடம் உண்டு, தாண்டிவிடாதீர்கள்.

அடுக்கே வேண்டாமென்றால் இடமிருந்து தொடங்குங்கள்: கையில் உள்ளதை இரட்டித்து அடுத்த இலக்கத்தைக் கூட்டுங்கள். 1, 3, 6, 13, 26, 53. நீளமான எண்ணுக்கு இதுதான் வசதி. கடைசி இலக்கத்தைக் கூட்டியதும் நிறுத்துங்கள்; இன்னொரு முறை இரட்டித்தால் மறுபடியும் அதே 106தான்.