புளியமரத்தடியில் யார் படுப்பார்?

கேள்வி: டீச்சர், அமெரிக்கக் கவிஞர் எட்கர் அலன் போ விஞ்ஞானத்தோடு சண்டை பிடிக்கும் சொனற்றின் (பதினான்கு வரிக் கவிதையின்) கடைசி வரியில், புளியமரத்தடியில் தான் கண்ட கோடைக்காலக் கனவை அது பறித்துக்கொண்டது என்கிறார். எங்கள் அம்மம்மா புளியமரத்தடியில் இருக்கவே விடமாட்டா. அதனால் புளியமரம் பேய்க்குக் குறியீடு என்று எழுதினேன். டியூட்டரியில் சேர் பிழை போட்டுவிட்டார். பிழைதானா?
– உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: பிழைதான் பிள்ளை. ஆனால் நானென்றால் அரைப் புள்ளியாவது போட்டிருப்பேன்.

மானிப்பாயில் என் பெரியம்மா வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு புளி நின்றது. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் தலை காட்டினால் பெரியம்மா அகப்பைக்காம்போடு வந்துவிடுவா. முனி அடித்துப்போடுமாம். பிறகு வகுப்பில் இந்தச் சொனற்றை முதன்முதல் வாசித்தபோது, 'இந்த மனுசனுக்குப் படுக்க வேறு இடம் கிடைக்கவில்லையா' என்று சிரித்துவிட்டேன். ஏன் சிரிப்பு என்று விரிவுரையாளர் கேட்டார். சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, விளக்கம் வரவில்லை.

போ பிறந்தது பொஸ்ரனில். கவிதை அச்சானது 1829இல், பால்ரிமோரில் வந்த ஒரு தொகுப்பில். அப்போது அவருக்கு இருபது வயது. அந்த ஊர்களில் புளி ஏது? முதல் அச்சில் புளியமரமே இல்லை, வெறும் புதர்தான். பின்னாளில்தான் புதரை வெட்டிவிட்டுப் புளியை நட்டார். ஆங்கிலத்தில் புளிக்கு வழங்கும் பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து போனது. எங்களுக்கு ரசத்துக்குக் கரைக்கிற புளி, அவருக்குத் தொலைதூரத்து வெயிலும் நிழலும். அங்கே அச்சம் கிடையாது, கனவு மட்டும்தான்.

இனி அந்த அரைப் புள்ளி. கடைசி ஆறு வரிகளில் விஞ்ஞானம் யார் யாரைத் துரத்துகிறது என்று பாரும். சந்திரத் தேவதை தயானாவைத் தேரிலிருந்து இழுத்து விழுத்துகிறது. காட்டிலிருந்து ஒரு மரத்தணங்கை விரட்டுகிறது. நீரணங்கை வெள்ளத்திலிருந்தும், குட்டித் தேவதையைப் பச்சைப் புல்லிலிருந்தும் பிய்த்தெடுக்கிறது. மரத்தணங்கு என்பது மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. உம்முடைய அம்மம்மாவின் பேய்க்கும் என் பெரியம்மாவின் முனிக்கும் அது ஒன்றுவிட்ட சகோதரி! 'எங்கள் புளியில் இன்னும் ஆள் குடியிருக்கிறது, போவின் காட்டில் குடியெழுப்பிவிட்டார்கள், அவர் அழுவது அதற்காகத்தான்' என்று எழுதியிருந்தால் சேருக்குப் பேனை எழும்பியிராது.

இன்னும் ஒன்று. மூன்றாம் வரியிலிருந்து முடிவுவரை எல்லாமே கேள்விகள். பதில் சொல்ல ஆளில்லை. அதுவரை 'கவிஞன்', 'அவன்' என்று யாரோ ஒருவனைப் பற்றிப் பேசுவது போலப் பேசியவர், பதின்மூன்றாம் வரியின் கடைசியில்தான் 'என்னிடமிருந்தும்' என்கிறார். நான்கு இழப்பு ஊராருடையது, ஐந்தாவது தன்னுடையது. விடைத்தாளில் அதைக் கட்டாயம் எழுதும். விஞ்ஞானத்தை அவர் பிணந்தின்னிக் கழுகு என்கிறாரே, அங்கேயும் கவனம். கழுகு என்றதும் எங்களுக்குச் சடாயு வந்து நிற்பார். அவரை உள்ளே விட்டால் கவிதை தலைகீழாகிவிடும்.

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோவின் 'பனிச் சிலுவை' சொனற்றில் பனி என்பது தூய்மை என்று நோட்ஸில் இருக்கிறது. நான் நுவரெலியாவில் புல்லில் படிந்த உறைபனி மட்டுமே கண்டவன். அப்படியே எழுதிவிடலாமா?
– தெஹிவளை மாணவன்

பதில்: வேண்டாம். வெள்ளை என்றால் தூய்மை, சிவப்பென்றால் ஆபத்து என்று எழுதுவதற்குக் கவிதை எதற்கு, வீதிச் சமிக்ஞை விளக்கே போதும்.

'சூரியனைக் கண்ட பனிபோல' என்று நாங்கள் சொல்வது எதற்கு? இருந்த இடம் தெரியாமல் மறைவதற்கு. லோங்ஃபெலோ சொல்வது நேர் எதிர். தூர மேற்கில் ஒரு மலை, அதன் ஆழமான பிளவுகளில் வெயிலுக்கு மசியாமல் சிலுவை வடிவில் பனி கிடக்கிறது. அப்படியொரு மலை கொலராடோவில் உண்மையாகவே உண்டு, 1873இல் அதைப் புகைப்படமும் எடுத்தார்கள். அவருடைய மனைவி ஃபானி, 1861 ஜூலையில் உடுப்பில் தீப்பிடித்து மறுநாள் இறந்தார். அணைக்க ஓடிய லோங்ஃபெலோவுக்கும் காயம். சொனற்றை எழுதியது 1879இல். நெருப்பில் போனவருக்குப் பனியில் சிலுவை. கவிதையில் நெருப்பைப் பற்றி ஏறக்குறைய மூச்சே இல்லை. பதினெட்டு வருடமாகக் கரையாத ஒன்றைச் சொல்லவே பனி வருகிறது.

முதல் எட்டு வரிக்கு உமக்குக் கொலராடோ தேவையில்லை. ராத்திரி நித்திரை இல்லை, சுவரில் இறந்தவரின் முகம், விளக்கு வெளிச்சம் அந்தத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடுகிறது. எங்கள் வீட்டுக் ஹோலில் அப்பாவின் படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ் இருக்கிறது. தண்ணீர் குடிக்க எழும்பினால் அதே காட்சிதான். லோங்ஃபெலோ அந்தச் சொனற்றைத் தான் இருக்கும்வரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1882இல் அவர் இறந்தபின், 1886இல் தம்பி எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளிவந்தது.

கேள்வி: நியூ ஜேர்சியில் இருக்கும் மகன் சுதந்திரச் சிலையைக் காட்டினான். அங்குள்ள, எம்மா லாசரஸ் என்ற கவிஞரின் சொனற் சிலைத் திறப்புக்காகப் பாடியதா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வெள்ளவத்தை

பதில்: இல்லை ஐயா. பீடம் கட்டக் காசு சேர்ப்பதற்காக 1883இல் எழுதிக்கொடுத்தது. சிலை திறந்தது 1886இல். மறுவருடமே எம்மா இறந்துவிட்டார். வெண்கலத் தகட்டில் பொறித்து வைத்தது 1903இல். அவர் சிலைக்கு வைத்த பெயர் 'நாடிழந்தோரின் தாய்'. விசா வரிசையில் நின்ற எங்கள் ஆட்களிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள், அது கிடக்கட்டும். தாயின் கைப்பந்தத்தில் எரிவது 'சிறைப்பட்ட மின்னல்' என்கிறார். சொனற்றை எழுதியதற்கு முந்தின வருடம்தான் நியூயோர்க்கில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு விளக்கும்போது அந்தப் பந்தத்தில் எண்ணெயும் திரியும் போட்டுவிடாதீர்கள்.