ப்ரீசப்போசிஷனல் அப்பாலஜெடிக்ஸ் முறையில் நாத்திக நண்பரிடம் கிறிஸ்தவ விசுவாசத்தை நிரூபிக்க முடியுமா?

கேட்டவருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், யூடியூபில் ஒரு விவாதத்தைப் பார்த்துச் சூடாகியிருப்பார், அறையிலேயே ஒரு நாத்திக நண்பர் வசமாக மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன்.

நிரூபிக்க முடியுமோ முடியாதோ, வாயை அடைக்க முடியும். எனக்கு மூன்று நாள்தான் ஆனது. அதற்குப் பிறகு பதினோரு வாரம் என் நாத்திக ரூம்மேட் என்னோடு சாப்பிடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பெயர்தான் பெரிது; விசுவாசத்துக்காக வாதாடும் ஒரு முறை, அவ்வளவுதான். "கடவுள் இருக்கிறாரா என்று நடுநிலையாக நின்று சான்றுகளை எடை போடுவோம், வா" என்று ஒருவர் கூப்பிட்டால் போகாதே, அப்படி ஒரு நடுநிலையான இடமே கிடையாது என்பதுதான் இதன் தொடக்கம். எல்லோரும் எதையோ முன்பே நம்பிக்கொண்டுதான் யோசிக்க உட்காருகிறோம். அந்த முன்நம்பிக்கைக்குத்தான் முற்கோள் என்று பெயர். நாத்திகர் தர்க்கம் பேசுகிறார், நியாயம் அநியாயம் பேசுகிறார், நேற்று கொதித்த தண்ணீர் நாளைக்கும் அதே சூட்டில் கொதிக்கும் என்று நம்புகிறார். இதெல்லாம் எதன்மேல் நிற்கிறது? வேதாகமம் சொல்லும் தேவன் இல்லாவிட்டால் இவற்றில் எதுவும் நிற்காது என்பது வாதம். இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் போல ஏணி வைத்துப் படிப்படியாகக் கடவுளிடம் ஏறுவதில்லை. கடவுள் இல்லையென்றால் ஏணியே இல்லையே என்பார்கள்.

இந்த முறைக்கு ஆசான் கார்னீலியஸ் வான் டில். 1895-ல் நெதர்லாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர். 1929-ல் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரி (இறையியல் கல்லூரி) ஆரம்பித்தபோதே அங்கே பாடம் எடுக்க வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். ரயிலில் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு அப்பா கன்னத்திலேயே அறையும் குழந்தையை உதாரணமாகச் சொல்வார். மடியில் இருப்பதால்தான் அதன் கை எட்டுகிறது. கடவுளை மறுப்பவர் நிலையும் அதுதான் என்பார்.

நான் 2012-ல் வேலைக்காகப் போய் இறங்கியது அந்த செமினரிக்குப் பக்கத்து ஊரான வில்லோ குரோவ். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பையன், சி.எஸ்.ஐ. சண்டே ஸ்கூலில் டைனோசர் எப்போது படைக்கப்பட்டது என்று கேட்டதற்கு முழங்காலில் நிற்கவைக்கப்பட்டவன். புதிதாக எந்த அறிவியல் செய்தி வந்தாலும் என் விசுவாசம் இத்தோடு காலியோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே வளர்ந்தேன். அங்கே போன சபையில் ஞாயிறு வகுப்பில் வான் டில்லைப் பாடமாகவே நடத்தினார்கள். கிணற்றுக்குள் கிடந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. இதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். வான் டில்லைக் கொண்டாடும், கால்வின் வழிச் சீர்திருத்த சபை அண்ணன்மார் அடிக்க வருமுன் இந்த வரியைக் கவனிக்கவும்.

அப்புறம் அந்த ஒலிப்பதிவு கிடைத்தது. 1985 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் வான் டில் வழி வந்த கிரெக் பான்சனும் நாத்திகர் கோர்டன் ஸ்டைனும் மோதிய விவாதம். அலமாரியில் பிஸ்கட் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பதுபோல எல்லா உண்மையையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்பார் பான்சன். தர்க்க விதிகள் ஜடப் பொருளா என்பார். மனிதர்கள் ஒத்துக்கொண்ட வழக்கம் என்கிற மாதிரி ஸ்டைன் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வார். ஆபீஸ் போகிற ரயிலில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

என் ரூம்மேட் கோபிசெட்டிபாளையம் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே கறுப்புச் சட்டைக் குடும்பம். நல்ல சமையல்காரன். ஒரு சனிக்கிழமை இரவு பருப்பு வேகவைத்துக்கொண்டே, "ஏன்டா, நோவா கப்பல்ல அத்தனை ஆடு மாட்டுக்கும் தீனி எங்கடா வெச்சிருந்தாரு?" என்றான். விவசாயக் குடும்பத்துப் பையன் கேட்கிற நியாயமான கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. "முரண்பாடு இருக்கக் கூடாதுன்னு எதை வெச்சுச் சொல்ற? அந்த விதி எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். மூளையிலிருந்து என்றான். உன் மூளை வேறு, என் மூளை வேறு, விதியும் வேறா என்றேன். மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது என்றான். அச்சு அசல் ஸ்டைன்! தூண்டிலில் மீன் இழுத்தபோது கை நடுங்குமே, அப்படி நடுங்கியது எனக்கு.

மூன்று நாள் இதே கதை. எதைக் கேட்டாலும், கேட்க உனக்கு என்ன அடிப்படை என்று திருப்பினேன். மூன்றாம் நாள் அவன் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னான்: "நான் உள்ள வரலாமான்னுதான்டா கேட்டேன். நீ வாசல்லயே நின்னு டிக்கெட் கேட்டுட்டு இருக்க." தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். மறுநாளிலிருந்து குக்கரில் இரண்டு டம்ளர் அரிசிக்குப் பதில் ஒரு டம்ளர்தான் போட்டான்.

நான் ஜெயித்ததாகவே நினைத்தேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் பைபிள் வரும் இடத்திலெல்லாம் குர்ஆன் என்று போட்டால் என்ன மாறும்?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கும் பதில் உண்டு என்று பிறகு படித்தேன். ஒருமையும் பன்மையும் சேர்ந்த உலகத்துக்கு, மூவராய் இருக்கும் ஒரே தேவனான திரித்துவ தேவனே ஆதாரமாக இருக்க முடியும் என்பது வான் டில்லின் வழி. அழகான சிந்தனைதான். ஆனால் முன்பே நம்புகிறவனுக்குத்தான் அது சட்டென்று பிடிபடும். ஆதாரம் ஒன்று வேண்டும் என்பதுவரை வாதம் நன்றாக வருகிறது. அது இவர்தான் என்கிற கடைசி அடியில் தாண்டிக் குதிக்கிறது. நான் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. இதே சீர்திருத்த முகாமைச் சேர்ந்த ஆர்.சி.ஸ்ப்ரூல் 1984-ல் வேறு இருவரோடு சேர்ந்து, இது வட்டமடிக்கும் வாதம் என்று புத்தகமாகவே எழுதினார். முற்கோள் பேசியவர்களுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. 1940-களில் வான் டில் பக்கத்தாரும் கோர்டன் கிளார்க் பக்கத்தாரும் ஒரே சபைக்குள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

சபை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். அந்த வாரங்களில் தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போய், நியூ ஜெர்சிப் பக்கம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் கூடுகைக்குப் போனேன். பிரியாணித் தட்டோடு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி எந்த ஊரு?" நாசரேத் என்றேன். "நாசரேத்துல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன? தாத்தா எந்தக் கோயிலு?" எதற்காக இந்த விசாரணை என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் தாண்டி, குடியுரிமை மாறி, விடுகிற கார் மாறியும் அந்த ஒரு கேள்வி மாறவில்லை. உலகத்தின் முற்கோளையெல்லாம் தோண்டி எடுக்கிற நாம் இதை ஏன் தோண்டுவதில்லை? அங்கே என் ரூம்மேட் இருந்திருந்தால் எனக்குத் தலைகாட்ட முடிந்திருக்காது. சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

மதம் பரப்ப வந்துவிட்டான் என்று சொல்ல இருப்பவர்களுக்கு: இந்தக் கதையில் யாரும் மதம் மாறவில்லை. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" என்று 1 பேதுரு 3:15-ல் இருப்பதை மறந்தேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நீதிமொழிகள் 26:4-ம் 5-ம் இந்த முறைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வசனங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடுக்காதே என்று ஒன்று, கொடு என்று அடுத்தது. இதை வைத்து வாதிடப் போகிறவன் எதிரே இருப்பவனை முதல் வரியிலேயே மூடனாக்கிவிட்டுத்தான் உட்காருகிறான். நானும் ஆக்கினேன்.

அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் வந்து எங்கள் குடியிருப்பில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் அவன் எதையோ படித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேஜையில் நான் போட்டு வைத்திருந்த வான் டில்லின் சிறு பிரசுரம்! தான் கடவுளை ஏன் நம்புகிறேன் என்று அவர் எழுதியது. அதில் அவருடைய சின்ன வயதுக் கதை ஒன்று வரும். நெதர்லாந்து வீட்டில் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்த மாதிரி வேலையாளுக்கு ஒரு படுக்கை. ஒரு ராத்திரியாவது அதில் படுக்கவேண்டும் என்று பையனுக்கு ஆசை. அனுமதி கிடைத்துப் படுத்தால் மாடுகளின் சங்கிலிச் சத்தம். மாடுதான் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் மாடு மட்டும்தானா என்று சந்தேகம், யாரோ நடந்து வருகிற மாதிரி. அன்றைக்குப் போல அவர் அதற்குமுன் ஜெபம் பண்ணியதில்லையாம்.

"வாதமெல்லாம் எனக்குத் தேறல," என்றான். பதினோரு வாரத்தில் அவனாகப் பேசிய முதல் பேச்சு. "ஆனா இந்த ஆளு மாட்டுக்கிட்ட படுத்தவன்தான். சங்கிலி சத்தம் அப்படித்தான் வரும். எனக்கு ஒம்பது வயசு இருக்கும், சினை மாட்டுக்குக் காவலா சாளையில படுக்க வெச்சாங்க. முனி நடக்குதுன்னு விடிய விடிய உக்காந்திருந்தேன்."

"உங்க வீட்டுலயா?"

"சாமி இல்லைன்னு தாத்தா சொல்லிக் குடுத்திருந்தாரு. முனி இல்லைன்னு சொல்ல மறந்துட்டாரு."

சிரித்துக்கொண்டே எழுந்து போய், தீக்குச்சி கிழித்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான். டார்ச்சை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். இரண்டு டம்ளர் அரிசி அளந்து போட்டான்.