மாட்டுங்கா வேறு, மாட்டுங்கா ரோடு வேறு

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறு மாலை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், இணையதளங்களுக்குப் புதிதாகக் கட்டுரை எழுதுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. 11 வருடமாக அடுத்தவர் கட்டுரையைத் திருத்தியே பிழைப்பவன் என்பதால் பதில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

செம்பூரிலிருந்து ஒரு அக்கா: எழுத நிறைய இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

தோன்றுகிற இடத்தில் தொடங்குங்கள் அக்கா. எழுதி முடித்ததும் முதல் பாராவை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லையா? வெட்டிவிடுங்கள்.

போன வாரம் ஒரு தம்பி, ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்காக லோக்கல் ரயில் பற்றி எழுதிக் கொண்டுவந்தான். "மும்பை இந்தியாவின் வர்த்தகத் தலைநகரம். லோக்கல் ரயில் இம்மாநகரின் உயிர்நாடி" என்று ஆரம்பம். இது யாருக்குத் தெரியாது? நாலாவது பாராவில்தான் விஷயம் இருந்தது. மாமா "மாட்டுங்காவில் இறங்கு" என்றிருக்கிறார். இவன் மேற்கு ரயில் பாதையில் வந்து மாட்டுங்கா ரோட்டில் இறங்கிவிட்டான். மாமா காத்திருந்ததோ மத்திய ரயில் பாதையின் மாட்டுங்காவில். இரண்டு பெட்டி, ஒரு முறுக்கு டப்பாவோடு, இரண்டு நிலையத்தையும் இணைக்கும் நடைபாலமான இசட் பிரிட்ஜ் ஏறி இறங்கிப் போயிருக்கிறான். அந்தப் பாராவைத் தூக்கி மேலே வைத்தோம், அவ்வளவுதான். மற்ற மூன்று பாராவும் போயே போச்சு. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தாராவி, கல்லூரி மாணவர்: எத்தனை சொல் இருக்க வேண்டும்?

படிக்கிறவர் தேடி வந்த பதில் முடிகிற வரை. பாராவை மட்டும் சின்னதாக வையுங்கள். கணினியில் நாலு வரியாகத் தெரிவது கைப்பேசியில் பத்து வரியாக நீளும்.

சயானிலிருந்து ஒருவர்: தலைப்பு எப்படி வைப்பது?

தம்பி வைத்திருந்தது "மும்பை ரயில் பயணம்: ஒரு பார்வை". 'ஒரு பார்வை' என்றாலே நான் ஓடிவிடுவேன். இந்தப் பதில்களுக்கு மேலே இருப்பதுதான் நாங்கள் மாற்றி வைத்த தலைப்பு; அவனிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். தொலைந்துபோனவன் தேடும்போது தட்டுகிற சொல் அதிலேயே இருக்கிறது. 'அதிர்ச்சி', 'நம்ப மாட்டீர்கள்' வகையறா வேண்டாம். ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

முலுண்ட்: கட்டுரையின் இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறியாக முழ நீளத்துக்கு வருகிறதே?

இணைய முகவரியில் தமிழ் எழுத்து இருப்பதால். யூனிகோடின் UTF-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும், அதாவது ஒரு குறிக்கு 9 எழுத்து. 'மாட்டுங்கா'வில் காலும் புள்ளியும் சேர்த்து 10 குறிகள், ஆக 90 எழுத்து! தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் போதும்.

வடாலா: மற்ற தளங்களில் இருப்பதையே மாற்றி எழுதலாமா?

எதற்கு? 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரி பந்தரிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது எல்லாத் தளத்திலும் இருக்கிறது. பெட்டியோடு தப்பான நிலையத்தில் நிற்கிறவனுக்கு அதனால் என்ன லாபம்? எந்தப் பாலத்தில் ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

கோலிவாடா: பிளாட்பாரம் என்பதா, நடைமேடை என்பதா?

இரண்டும் சரி. நான் பிளாட்பாரம் என்றே விடுவேன். நடைமேடை என்றால் எங்கள் மாடி வீட்டு மாமி ஒரு நொடி யோசிப்பார்.

மறுபடி செம்பூர் அக்கா: வெளியான பிறகு திருத்தலாமா?

தாராளமாக. அச்சில் கிடைக்காத வசதி ஆயிற்றே. தகவலையே மாற்றினால் மட்டும், மாற்றியதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தம்பியின் கட்டுரையைப் படித்துவிட்டு மாமா போன் செய்தாராம்: "முறுக்கெல்லாம் தூளாகி வந்ததை எழுதவில்லையே?" அன்றிரவே அதையும் சேர்த்துவிட்டான்.