மேக்னெட் டிரெயின் பிளக் (ஆயில் வடிக்கும் துளையை மூடும், நுனியில் காந்தம் உள்ள திருகு) போட்டதும் கியர்பாக்ஸில் ஆயில் சொட்டுகிறது, இன்னும் இறுக்கலாமா?

இறுக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், பிளக் இரும்பு. பலத்தைக் காட்டினால் மரை போவது கூட்டில்தான், அதன் செலவு பிளக் விலையோடு நிற்காது.

எனக்கு வாஷர் மேல்தான் சந்தேகம். பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். செம்போ அலுமினியமோ, ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்காது. பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழைய வாஷரைக் காட்டி அதே அளவில் வாங்கிவிடுங்கள்.

அதற்கு முன் பிளக்கையும் சுற்றுப்புறத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். ஈரம் மேலே டிரைவ் ஷாஃப்ட் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்) பக்கமிருந்து வழிந்து வந்தால் பிளக் மேல் பழியில்லை.

கழற்றும்போது ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் திறந்துவிடுங்கள். வடித்த பிறகு அது சிக்கிக்கொண்டால் திரும்ப ஆயில் ஊற்ற வழியில்லை. அப்புறம், பழைய பிளக்கையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) வேறு, அந்தப் பிளக் வேண்டவே வேண்டாம். காந்தம் பழைய பிளக்கைவிட நீளமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் வேண்டாம், உள்ளே கியரில் உரசலாம்.

காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்படாதீர்கள், அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் சில்லு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையத்தின் தூள் காந்தத்தில் ஒட்டாது, அதனால் வடித்த ஆயிலையும் வெயிலில் பாருங்கள்.

ஒன்று மட்டும்: சில வண்டிகளில் கூம்பு மரை, வாஷரே கிடையாது. மேனுவலைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கே இறுக்குங்கள்.