வாசகர் கேள்வி பதில்: அடி ஓய்ந்த பிறகுதான் கதை

கேள்வி: முதல் படம் எடுக்கப் போகிறேன், சின்ன பட்ஜெட். அப்பாவிடம் அடி வாங்கியே வளர்ந்த ஒன்பது வயசுப் பிள்ளையைப் பாம்பனில் இருக்கிற அம்மாச்சி வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள், அங்கே அவள் மெல்ல மீண்டு வருகிறாள், இதுதான் கதை. ஆரம்பத்திலேயே அடிக்கிற காட்சியை முழுசாகக் காட்டினால்தான் ஜனங்களுக்கு மனசு இளகும் என்கிறார் பணம் போடுகிற நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(மண்டபம் வாசகர்)

பதில்: காட்டாதீர்கள் தம்பி. அடியைப் படம் பிடிப்பது சுலபம். பெல்ட்டை உருவுகிற சத்தத்துக்கே தியேட்டர் உறைந்துபோகும், எல்லாரும் அப்பனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாது. உங்கள் கதை மீள்வதைப் பற்றியது. அப்படியானால் படத்தின் நேரம் அம்மாச்சி வீட்டுக்குத்தான் சேர வேண்டும்.

அம்மாச்சி கடல்பாசி எடுக்கப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பாறை கையைக் கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக் கட்டுகிறார். கட்டி முடித்துவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கிற நீச்சல் கண்ணாடியை எடுக்கக் கையைத் தூக்குகிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை சட்டென்று தலையை இரண்டு கைக்குள்ளும் புதைத்துக்கொள்கிறாள். தூக்கின கையை என்ன செய்வதென்று அம்மாச்சிக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், ஒரு அடிகூடக் காட்டாமல் அந்த வீட்டில் நடந்தது மொத்தமும் சொல்லியாகிவிட்டது.

அடி வாங்கி வளர்ந்த பிள்ளை பெரியவர்களின் கையையும் காலடிச் சத்தத்தையும் சதா கவனித்துக்கொண்டே இருக்கும். வாசலில் பைக் வந்து நின்றால் உடம்பு விறைக்கும், சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும், இந்த வயசிலும் படுக்கையை நனைக்கும். பழைய வீட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு பழகிக்கொண்ட விஷயங்களும் இதில் இருக்கின்றன, இடம் மாறினவுடன் எதுவும் உதிர்ந்துவிடாது.

இன்னொன்று, இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குணமாகிற பிள்ளை உடனே நல்ல பிள்ளை ஆகிவிடாது. வந்த புதிதில் சொன்ன பேச்சைக் கேட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, அக்கம்பக்கம் மெச்சுகிற மாதிரி இருப்பாள். அது பெரும்பாலும் பயம். இங்கே அடி விழாது என்று உடம்புக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் அடம் பிடிப்பாள், கத்துவாள், மீன்குழம்புச் சட்டியைப் போட்டு உடைப்பாள், “நீ ஒண்ணும் எங்க அம்மா இல்ல” என்று அம்மாச்சி முகத்தைப் பார்த்தே சொல்வாள். இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் கிழவி என்று தெருவில் பேசுவார்கள். அம்மாச்சி மறுநாளும் அதே நேரத்துக்குச் சோறு போடுகிறார், அதே குரலில் கூப்பிடுகிறார். என்னைக் கேட்டால் உங்கள் படத்தின் உச்சக்காட்சியே அந்த உடைந்த சட்டிதான். சிரிக்கிற முகத்தை குளோசப்பில் காட்டி முடித்துவிடாதீர்கள்.

அப்புறம், பிள்ளை கடலைப் பார்த்து ஓடுகிற மாதிரி முடிக்கும் ஆசை வரும். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1959இல் தன் முதல் முழுநீளப் படத்தை அப்படித்தான் முடித்தார், யாரும் சரியாகக் கவனிக்காத ஒரு பையன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிக் கடற்கரைக்கு ஓடிவந்து நிற்பான். அவன் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. உங்கள் பிள்ளைக்கோ கதவைத் திறந்தால் கடல், அங்கே அது தினசரி வேலை நடக்கிற இடம். அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: இந்த மாதிரிப் படம் எடுத்தாலே கடற்கரைக்காரன் என்றால் குடிகாரன், பெண்டாட்டி பிள்ளையை அடிக்கிறவன் என்று காட்டிவிடுகிறார்களே?
(தங்கச்சிமடம் வாசகி)

பதில்: உங்கள் கோபம் நியாயம். பிள்ளையை அடிப்பது எல்லாத் தொழில்காரர் வீட்டிலும் நடக்கிறது, மாடி வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்வதால் சத்தம் தெருவுக்கு வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு இருக்காது, ஆள் வீட்டிலேயே கிடப்பார், உண்மைதான். ஆனால் அந்த 61 நாளும் வலையைப் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிற அப்பாக்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களும் படத்தில் வர வேண்டும். பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதில் வருகிற அப்பன் குடிகாரன், மூர்க்கன். அவனையும் மகனையும் வாட்டுகிற வெயிலையும் வறட்சியையும் காட்டுகிற படம், அதற்காக அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும்.

கேள்வி: எங்கள் ஊரில் நிஜமாக நடந்த, கேஸ் வரைக்கும் போன விஷயத்தை அப்படியே படமாக்கலாமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: அப்படியே கூடாது. வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், உங்கள் ஊரில் தெருப் பெயரும் அப்பா பார்க்கிற வேலையும் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவளாகி அதே தெருவில் நடக்க வேண்டும். ஊரை, வயசை, சம்பவத்தையே மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையன் முதுகில் தழும்பு பார்த்தேன். இப்படி ஒரு படத்தைப் போட்டுக் காட்டினால் மனசுவிட்டுப் பேசுவானா?
(தேவிபட்டினம் ஆசிரியை)

பதில்: வேண்டாம் டீச்சர். தன் வீட்டில் நடப்பதை மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து திரையில் பார்ப்பது அவனுக்கு இன்னொரு தண்டனை ஆகிவிடலாம். அவனிடம் தனியாக, அவசரப்படாமல் பேசுங்கள். உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்வது கட்டாயம். முதலில் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டித்துப் பார்க்கலாம் என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள், அன்று ராத்திரி அடி அவனுக்குத்தான் விழும்.

கேள்வி: கடைசியில் அப்பா திருந்தி வந்து மன்னிப்புக் கேட்டால் நன்றாக இருக்குமே?
(தொண்டி வாசகர்)

பதில்: அப்பா திருந்தலாம். ஆனால் மன்னிக்கிற பாரத்தை ஒன்பது வயசுப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள். அவர் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளை உள்ளேயே இருக்கலாம், அம்மாச்சி வெளியே போய்ப் பேசட்டும்.

கேள்வி: அந்த வேடத்தில் நடிக்கிற குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது?
(மீண்டும் மண்டபம் வாசகர்)

பதில்: இதை நீங்களாகவே கேட்டீர்கள் பாருங்கள், சந்தோஷம். குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். அழ வைப்பதற்காகத் திட்டுவது, பயமுறுத்துவது எதுவும் வேண்டாம். அப்பாவாக நடிக்கிறவரைப் படப்பிடிப்புக்கு முன்னாலேயே வரவழைத்து அந்தப் பிள்ளையோடு விளையாட விடுங்கள். ‘போதும்’ என்று அவள் சொன்னால், ஷாட் பாதியில் இருந்தாலும் கேமராவை நிறுத்திவிடுங்கள், அதை முதல் நாளே மொத்த யூனிட்டுக்கும் அவள் எதிரிலேயே சொல்லிவிடுங்கள்.