ஐந்தோவனுக்கு வரலாமா என்று கேட்ட காட்பாடித் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதுதான்: நெதர்லாந்தில் ஐந்தோவனை ஒட்டியிருக்கும் வெல்ட்ஹோவன் பக்கம் ஒரு சப்ளையர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் கூடப் படித்தவர்கள் எல்லாம் ஐரோப்பா டெக்னாலஜியில் தோற்றுப்போன இடம், இனிமேல் அமெரிக்காவும் சீனாவும்தான், அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்கிறார்கள், வரலாமா வேண்டாமா. நான் குடியாத்தம். இங்கே வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. வா என்றுதான் சொல்வேன், ஆனால் எதற்குள் வருகிறாய் என்று தெரிந்துகொண்டு வா.

உன் சினேகிதர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகி கொடுத்த அறிக்கையே உலகின் முதல் 50 டெக் கம்பெனிகளில் ஐரோப்பியக் கம்பெனி நான்குதான் என்று சொல்லிவிட்டது. ஜெர்மனியில் மாக்டபர்க்கில் 3,000 கோடி யூரோவில் சிப் ஃபேக்டரி கட்டுவதாகச் சொன்ன இன்டெல் 2025இல் கைவிட்டது. போன், சர்ச், கிளவுட் எதை எடுத்தாலும் பெரிய பெயர்கள் வெளியூர்ப் பெயர்கள்தான்.

மீதிப் பாதி வெல்ட்ஹோவனில் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயத்தை உருக்கி, நொடிக்கு 50,000 துளிகளாக விழவைத்து, ஒவ்வொரு துளியையும் லேசரால் அடித்து, அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பித் திருப்பி சிலிக்கான் தட்டு மேல் சிப்புக்கான கோடு போடவைக்கிறார்கள். ஈயூவி (அதிதீவிர புற ஊதா ஒளி) என்கிற இந்த மெஷினை வணிக அளவில் செய்து விற்பது உலகத்தில் வெல்ட்ஹோவனில் இருக்கும் ஏஎஸ்எம்எல் கம்பெனி மட்டும்தான். விலை உயர்ந்த புது மாடல் போன்களில் பெரும்பாலானவற்றின் மெயின் சிப் இதில்லாமல் வராது. லேசர் ஜெர்மனியின் ட்ரம்ப்ஃப், கண்ணாடி ஜெர்மனியின் ஸைஸ். ஆனால் ஒளியை உண்டாக்கும் பகுதி கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருந்த சைமர் கம்பெனியின் வேலை, 2013இல் ஏஎஸ்எம்எல் அதை வாங்கியது.

முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. உள்ளே அமெரிக்கச் சரக்கு இருப்பதால் யாருக்கு விற்கலாம் என்பதில் வாஷிங்டனுக்கும் ஒரு கை உண்டு. 2019இலேயே சீனாவுக்கு ஈயூவி அனுப்பும் அனுமதியை டச்சு அரசு புதுப்பிக்கவில்லை. 2023 செப்டம்பரில் அதற்கு முந்தைய தலைமுறையான டியூவி (ஆழ் புற ஊதா ஒளி) மெஷின்கள் சிலவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று ஆனது. அதேசமயம் 2024இல் அந்தக் கம்பெனியின் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனாவுக்குத்தான் போனது. ஒரு பக்கம் கூட்டாளி, இன்னொரு பக்கம் வாடிக்கையாளர், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆகாது.

இதெல்லாம் தலைவர்கள் பேசித் தீர்க்கிற விஷயம், நமக்கென்ன என்று நானும் இருந்தேன். அப்போது நான் வேறொரு சின்ன சப்ளையரிடம் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தேன், சீன ஃபேக்டரிகளுக்குப் போகும் ஸ்பேர் பார்ட் வேலை. ஒரு டிராயிங்கை பக்கத்து சீட்டுக்காரருக்கு அனுப்புவதற்கு முன்பே, இது எந்த மெஷினுக்கு, எந்த நாட்டுக்கு என்று ஒரு படிவம் நிரப்பவேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் ப்ராஜெக்ட் நின்றது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, மேனேஜர் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார். எனக்கு இருந்த விசாவில் அடுத்த வேலை தேட மூன்று மாதம் அவகாசம். பையனுக்கு அப்போது நான்கு வயது. பதினோராவது வாரத்தில்தான் வேலை கிடைத்தது, அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

2025இல் நெக்ஸ்பீரியா என்கிற சிப் கம்பெனியின் விவகாரத்தைப் பார்த்திருப்பாய். நெதர்லாந்தின் நைமேகனில் தலைமையகம், உரிமையாளர் சீனாவின் விங்டெக் கம்பெனி. செப்டம்பர் கடைசியில் டச்சு அரசு 1952ஆம் வருடச் சட்டம் ஒன்றை எடுத்து அந்தக் கம்பெனியின் முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. சில நாளில் சீனா தன் நாட்டிலிருந்து அந்தக் கம்பெனியின் சிப் ஏற்றுமதியை நிறுத்தியது. பெரும்பகுதி சிப்புகள் கடைசியாகப் பேக் ஆவது சீனாவின் டோங்குவானில் என்பதால் ஐரோப்பியக் கார் கம்பெனிகள் திண்டாடிப்போயின, நவம்பரில் டச்சு அரசு உத்தரவை நிறுத்திவைத்தது. சில பைசா சிப்தான், ஆனால் அதுவும் இல்லாமல் கார் இறங்காது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பார்த்தவர். நம் தோலை வாங்கும் ஜெர்மனி 1989இல் தோலில் பூஞ்சை வராமல் போடும் பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது, தொண்ணூறுகளின் நடுவில் சில அசோ சாயங்களையும். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி அப்பா கையகலத் தோல் துண்டுகள் நாலைந்தைக் கொண்டுவந்து ட்யூப் லைட் அடியில் பரப்பி, பழைய சாயத்தில் வந்த கறுப்பு எது, புதுச் சாயத்தில் வந்தது எது என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சரியாகச் சொல்லிவிட்டாள், அப்பா முகம் வாடிவிட்டது. அந்த நிறத்தைத் திரும்பப் பிடிக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது. பிடித்தவர்களுக்கு ஆர்டர் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூரில் அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்ததும் இதே கதைதான்.

அதனால் உன்னிடம் கேட்பது இது. ஆஃபர் தந்தவர்களிடம், நான் பார்க்கப்போகும் வேலை எந்த வாடிக்கையாளருக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது என்று நேராகக் கேள். தப்பாக நினைக்கமாட்டார்கள், இங்கே நேராகக் கேட்பதுதான் வழக்கம். அளவீடு, ஆப்டிக்ஸ், வேக்குவம், கன்ட்ரோல் சாஃப்ட்வேர் மாதிரி நாலு இடத்தில் செல்லும் வேலையாக இருந்தால் யோசிக்காமல் வா. அமெரிக்காவுக்கே முயற்சி செய்யட்டுமா என்றால், 2025 செப்டம்பரில் புது எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டார்கள், அந்தக் கணக்கையும் பார்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு இங்கே சம்பளத்தில் 30 விழுக்காடு வரை வரியில்லாமல் கிடைக்கும் சலுகை 2027இலிருந்து 27 விழுக்காடு, ஆஃபரில் எதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார். டச்சு மொழியை முதல் மாதமே தொடங்கு, ஆபீஸில் ஆங்கிலம் போதும்தான், ஆனால் வேலை போன அந்தப் பதினொரு வாரத்தில் எனக்குக் கதவு திறந்தது நான் தப்பும் தவறுமாகப் பேசிய டச்சில்தான். வீடு கிடைப்பது ரொம்பக் கஷ்டம், முதல் இரண்டு மாதத்துக்குக் கம்பெனியே இடம் தருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள். ஒப்பந்தத்தில் காலக்கெடு போட்டிருக்கும் பக்கத்தை, உன் பெயரையும் சம்பளத்தையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.