கேள்வி-பதில்: மச்சான் வாங்கி வரும் போனுக்கு வரி உண்டா?

லீவு நெருங்கினால் கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பாதி கஸ்டம்ஸ் பற்றித்தான். நலம் விசாரிப்புகளை வெட்டிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

துபாயில் ஒரு போன் பார்த்து வைத்திருக்கிறேன், நம் காசில் 1,20,000 ரூபாய். மதுரையில் இறங்கினால் எவ்வளவு கட்டணும்? பில்லைப் பாதியாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். (கீழக்கரை)

விமானத்திலோ கப்பலிலோ வரும் நம்மவர்களுக்கு வரியில்லா வரம்பு 2026 பிப்ரவரியிலிருந்து 75,000 ரூபாய். அதற்கு முன்பு 50,000 இருந்தது. மிச்சம் 45,000-க்கு மட்டும் 38.5 சதவீதம் வரி, அதாவது 17,325 ரூபாய். ஆனால் அந்த 75,000 போனுக்கு மட்டும் ஒதுக்கியதில்லை. பையில் இருக்கும் புது வாட்ச், சென்ட், மிக்ஸி எல்லாம் அதே கணக்கில்தான் வரும்.

பாதி பில் வேலை எல்லாம் வேண்டாம். அந்த போன் என்ன விலை என்று அதிகாரிக்குத் தெரியாதா? பொருளையும் பிடித்து வைத்து அபராதமும் போடுவார்கள், நாளைக்கு போன் ரிப்பேர் ஆனால் வாரண்டிக்கு நீட்டவும் அந்தப் பொய் பில்தான் இருக்கும். வரி கட்ட வேண்டிய பொருள் இருப்பவர்கள் போகும் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி, கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு போனில் சிம்மைப் போட்டுக்கொண்டு வந்தால் பழசு என்று ஆகிவிடாதா? (பெரியபட்டினம்)

நேற்று வாங்கியது நேற்று வாங்கியதுதான்.

நானும் மனைவியும் சேர்ந்து வருகிறோம். இரண்டு பேர் வரம்பையும் கூட்டி 1,50,000-க்கு ஒரே கேமரா கொண்டு வரலாமா? (தொண்டி)

முடியாது. ஒருவர் வரம்பை இன்னொருவர் கணக்கில் சேர்க்க விதியில் இடமில்லை. லேப்டாப் மட்டும் தனி. 18 வயது முடிந்தவர் ஆளுக்கு ஒன்று, இந்த வரம்புக்கு வெளியே, வரியில்லாமல் கொண்டு வரலாம்.

ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சுற்றுலா வந்த என் தம்பிக்கு ஏர்போர்ட்டில் 5 சதவீத வாட் வரி திரும்பக் கிடைத்தது, எனக்கு இல்லை என்றுவிட்டார்கள். இது என்ன நியாயம்? (ஏர்வாடி)

தம்பி விருந்தாளி, நீங்கள் அங்கே குடியிருப்பவர். வாட் திரும்பத் தருவது விருந்தாளிக்குத்தான். அதுவும் 250 திர்ஹாமுக்குக் குறையாமல் வாங்கி, கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்து, ஏர்போர்ட்டில் பெட்டியைப் போடும் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். சிங்கப்பூரிலும் இதே கதை, அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம், 100 சிங்கப்பூர் வெள்ளிக்குக் (டாலர்) குறையாமல் வாங்கணும், வொர்க் பெர்மிட்காரருக்குக் கிடையாது. கத்தார், குவைத்தில் வாட்டே இல்லை, அதனால் திரும்பக் கேட்கவும் ஒன்றுமில்லை. இங்கே ஒரு பிழைப்பு நடக்கிறது பாருங்கள்: அங்கே வாட் வாங்க முழு பில்லை நீட்டிவிட்டு, இங்கே இறங்கியதும் அரை பில்லைத் தேடுகிற ஆட்கள். அவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை கல்யாணத்துக்கு 55 இன்ச் டிவி கொண்டு வரச் சொல்கிறார்கள். அங்கே விலை குறைவு. 75,000-க்குள்தானே வரும்? (தேவிபட்டினம்)

வராது. இதை எத்தனை தடவை எழுதினாலும் காதில் விழ மாட்டேன் என்கிறது. எல்இடி, எல்சிடி டிவிக்கு இந்தச் சலுகையே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே வரி. 2013 ஆகஸ்டில் ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த நேரத்தில் அரசு இதை எடுத்துவிட்டது. அதற்கு முன் ஏர்போர்ட் வாசலில் பார்க்கணுமே, கம்பளி சுற்றி, நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய டிவிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை. கல்யாணம் என்றதும் "டிவியை மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரும்போது எடுத்து வருவான்" என்று இங்கே உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள், தூக்கிச் சுமப்பவன் யார், லக்கேஜுக்குக் கட்டுபவன் யார் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. 38.5 சதவீத வரி, விமான லக்கேஜ், மதுரையிலிருந்து வண்டி வாடகை, அப்புறம் வீட்டுக்கு வந்தால் அந்தப் பட்டையான மூன்று முள் பிளக் நம் சுவரில் நுழையாது. நான் சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்த டிவியில் குறுக்கே கோடு விழுந்தபோது, சர்வீஸ் ஆள் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் நம்பரைப் பார்த்தார், "இது இந்தியா மாடல் இல்லை சார்" என்று ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பேனலைத் திறக்கவே இல்லை. இங்கே 32 இன்ச்சுக்கு மேலான டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ராமநாதபுரத்திலேயே வாங்குங்கள், கடைக்காரர் வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

யாராவது கேட்காமல் டிவியைக் கொண்டு வந்து மாட்டிக்கொண்டால், ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வரி கட்ட மனமில்லை என்றால் கஸ்டம்ஸிலேயே விட்டு ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும்போது எடுத்துப் போக சுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மகன் துபாயிலிருந்து ஐபோன் 17 அனுப்பினான். சிம் போடும் துளையே இல்லை. போலி போனைத் தலையில் கட்டிவிட்டார்களா? (உச்சிப்புளி)

போலி இல்லை. வளைகுடா நாடுகளில் விற்கும் ஐபோன் 17-க்கு சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். உங்கள் சிம் கம்பெனிக் கடைக்குப் போய் அதே நம்பரை இ-சிம்மாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு லட்சத்துக்குப் பொருள் வாங்குகிற பிள்ளை, டப்பாவின் பின்பக்கத்தை ஒரு நிமிடம் படித்திருக்கலாம்.

பேஸ்புக்கில் பழகிய லண்டன் டாக்டர் ஒருவர் ஐபோனும் லேப்டாப்பும் பார்சலில் அனுப்பியதாகச் சொன்னார். டெல்லி கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் போன் செய்து வரி கேட்டார், நகையை அடகு வைத்து 42,000 கட்டினேன். இப்போது இன்னும் 85,000 கேட்கிறார்கள், இல்லாவிட்டால் கைது என்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. (ஊர் வேண்டாம்)

அக்கா, இனி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பார்சலும் இல்லை, டாக்டரும் இல்லை, உங்களை யாரும் கைது செய்யப் போவதுமில்லை. இதைப் படித்த கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து, பணம் போன கணக்கு, தேதி, தொகை எல்லாம் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தகவல் கொடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. அவர்கள் அனுப்பிய மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீர்கள். கஸ்டம்ஸ் ஒருநாளும் தனி ஆளின் வங்கிக் கணக்கில் வரி போடச் சொல்லாது. நிஜ கஸ்டம்ஸ் அனுப்பும் கடிதத்தில் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் இருக்கும், மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், நகை விஷயம் எப்படியும் தெரியத்தான் போகிறது. படித்தவர்கள், ரிட்டயர் ஆன அதிகாரிகள்கூட இந்த வலையில் விழுந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது அந்தக் கும்பல்தான்.

ராமேஸ்வரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து டிரோன் வாங்கி வந்தால் வரி எவ்வளவு? (ராமேஸ்வரம்)

வரி கட்டியும் வெளியே எடுக்க முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து டிரோன் இறக்குமதிக்கே தடை.

படகுக்கு ஒரு சாட்டிலைட் போன் துபாயிலிருந்து? (தங்கச்சிமடம்)

தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு. வேண்டாம் தம்பி.